ஆறடி உயரம், ஆறடி நீளம்

முத்துவீரன் அறுபத்தைந்தாம் வருஷச் சண்டையில் கண்ணிவெடியை மிதித்தவன். பஞ்சாப் எல்லையில் ஒரு கரும்புத் தோட்டம். முன்னால் போனவன் துண்டு துண்டாகச் சிதறினான். பின்னால் போன இவனுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் போயின. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஒரு வருஷம் வைத்திருந்து, கைகுலுக்கி, இரும்புச் சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றைக் கொடுத்து, நாச்சியாபுரத்துக்குப் பக்கத்திலிருந்த அவன் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். கூடவே ஒரு கடிதம். நாட்டுக்காக உறுப்பு இழந்தவர்களுக்கு அரசாங்கம் இரண்டு ஏக்கர் நிலம் தரும்; உரிய அலுவலகத்தில் நேரில் ஆஜராகிப் பெற்றுக்கொள்ளவும்.

‘நேரில் ஆஜராகி’ என்பதை முத்துவீரன் அன்றைக்கு அவ்வளவு கவனித்துப் படிக்கவில்லை.

அவன் பெண்சாதி அன்னக்கிளி நிலத்தைப் பார்த்துவிட்டே வந்துவிட்டாள். கண்மாய்க்குக் கீழே, மடைக்கு மூன்றாவது வயல். அவள் பத்து வருஷமாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டவள். சேற்றைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். “மண்ணு வெண்ணெயாட்டம் இருக்குங்க. கையெழுத்தைப் போட்டு வாங்கிப்புட்டு வந்துருவோம்” என்றாள்.

அந்த நிலங்களைக் கொடுப்பதற்கென்றே தனி நில ஒப்படைப்பு அலுவலகம் என்று ஒன்றைப் பிள்ளையார்பட்டி போகிற சாலையில் திறந்திருந்தார்கள். கொழும்புக்குக் குடிபோன ஒரு செட்டியாரின் வீடு அது. வாசல் தரையிலிருந்து ஆறடி உயரத்தில் இருந்தது. ஏறுவதற்குப் பத்துக் கருங்கல் படிகள். படிகளுக்கு மேலே தனி அதிகாரி அழகுசுந்தரம் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கீழே நான்கு எழுத்தர்களும், குழந்தைவேலு என்ற டவாலியும் இருந்தார்கள். குழந்தைவேலுவிடம் வெள்ளிப் பூண் போட்ட ஒரு கம்பு உண்டு. கம்பைத் தரையில் தட்டி, விசாரணைக்கு வந்தவன் பெயரை மூன்று தடவை கூப்பிடுவது அவன் வேலை.

முதல் விசாரணை தை மாதத்தில். குழந்தைவேலு மேலே நின்று, “மனுதாரர் முத்துவீரன்!” என்று கூப்பிட்டான்.

“இங்கன இருக்கேன்யா!” என்று முத்துவீரன் தெருவிலிருந்து கையைத் தூக்கினான். இருவருக்கும் நடுவில் பத்தடி தூரம்கூட இருக்காது.

“மனுதாரர் முத்துவீரன்!”

“உங்க கண்ணு முன்னாடிதான்யா இருக்கேன்.”

“மனுதாரர் முத்துவீரன்! மூணு தடவை கூப்பிட்டாச்சு.”

அழகுசுந்தரம் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததிலிருந்து அவர் கொடூரமான மனிதர் அல்ல என்று தெரிந்தது. முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

“யோவ், தெருவிலேருந்து கத்துறது ஆஜர் ஆகாதுய்யா. ஆஜர்னா என் மேசைக்கு முன்னால.”

“ஐயா ஒரு எட்டு இறங்கி வந்தீகன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிருவேன்.”

“எனக்குக் கால் இருக்கு, நான் இறங்கலாம். ஆனா நான் இறங்கினா தனி அதிகாரி இறங்கினதா ஆகும். தனி அதிகாரி இறங்கினா அரசாங்கமே இறங்கினதா ஆகும். இன்னைக்கு உனக்காக இறங்கினா, நாளைக்குக் கண்ணு தெரியாத ஒருத்தன் வந்து எங்களையும் கண்ணை மூடிக்கச் சொல்லுவான். நிர்வாகம் என்னத்துக்கு ஆகும்?”

முத்துவீரனுக்கு இது புரியவில்லை. ஆனால் பட்டாளத்திலும் இப்படிப் பல புரியாத விஷயங்களுக்கு அவன் சல்யூட் அடித்திருக்கிறான். மூட்டை தூக்குகிற இரண்டு பேரைக் கூப்பிட்டு நாற்காலியோடு தன்னைத் தூக்கச் சொன்னான். முன்னால் தூக்கியவன் பின்பக்கமாக ஏறினான். எட்டாவது படியில் காலையில் யாரோ தேங்காய் உடைத்த தண்ணீர் காயாமல் கிடந்தது. அவன் வழுக்கினான். நாற்காலி, முத்துவீரன், இரண்டு சுமைகாரர்கள் எல்லாரும் எட்டுப் படிகளையும் எண்ணிக்கொண்டே வந்ததுபோல ஒவ்வொன்றிலும் மோதிக் கீழே விழுந்தார்கள். முத்துவீரனுக்கு முன்பற்கள் இரண்டு தெறித்துப் போயின. தோள்பட்டை எலும்பு ஒடிந்தது. ஒரு சுமைகாரனின் விரல்கள் சக்கரத்துக்கும் கல்லுக்கும் நடுவில் சிக்கி நசுங்கின. அவன் போட்ட சத்தத்தில் எதிரே சின்னத்தாயியின் காப்பிக்கடையில் இருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள்.

கோப்பில் இப்படி எழுதினார்கள்: ‘மனுதாரர் எட்டாம் படி வரை மட்டும் ஆஜரானார்.’

மறுநாளே ஒரு சுற்றறிக்கை சுவரில் ஒட்டப்பட்டது. அலுவலகப் படிகளில் ஆளை ஆள் தூக்கிவருவது தடை செய்யப்படுகிறது.

தோள் கூடிவர இரண்டு மாதம் ஆயிற்று. பங்குனியில் இரண்டாவது விசாரணை. அன்னக்கிளி சுற்றறிக்கையைப் படிக்கவில்லை. அவளுக்குப் படிக்கத் தெரியாது. புருஷனை முதுகில் ஏற்றி, சேலையால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, விடுவிடுவென்று ஏறினாள். குழந்தைவேலு ஒன்பதாவது படியில் கம்பைக் குறுக்கே பிடித்து நின்றான்.

“ஆளை ஆள் தூக்கக் கூடாது.”

“நான் ஆளைத் தூக்கலையே. என் புருசனைத்தான் தூக்கியாரேன்.”

“இறங்கும்மா.”

“வழியை விடுங்க. மூச்சு முட்டுது எனக்கு.”

குழந்தைவேலு கம்பால் அவள் நெஞ்சில் ஒரு குத்து விட்டான். அவள் தடுமாறினாள், விழவில்லை. விழுந்தால் கீழே அகப்படுவது முத்துவீரன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் முன்னால் பாய்ந்து, கைக்கு எட்டியதைப் பிடிக்க முடியாமல் வாய்க்கு எட்டியதைப் பிடித்தாள். அது குழந்தைவேலுவின் வலது காது. அவன் கம்பால் அவள் மண்டையில் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் பல்லை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள். எழுத்தர்கள் நான்கு பேரும் வந்து பிரித்தபோது காதின் கீழ்நுனி அவளோடு போய்விட்டது. முத்துவீரன் முதுகில் கட்டுண்டபடியே, “கடிக்காதடி, விடுடி” என்று கத்திக்கொண்டிருந்தான். பிறகு புருஷன், பெண்சாதி, டவாலி மூன்று பேருமாகப் படியில் உருண்டார்கள்.

கோப்பில்: ‘மனுதாரர் ஆஜராகவில்லை. அவருடைய மனைவி ஒன்பதாம் படி வரை ஆஜராகி, அலுவலக ஊழியரின் காதைச் சேதப்படுத்தினார்.’

மூன்று தடவை ஆஜராகவில்லை என்றால் கோப்பு மூடப்படும். நிலம் அடுத்த மனுதாரருக்குப் போகும். முத்துவீரன் வேறு வழியில்லாமல் தன் பழைய கர்னலுக்கு ஒரு கடிதம் போட்டான். கர்னல் யாருக்கோ எழுத, அவர் இன்னொருவருக்கு எழுத, கடைசியில் மேலிடத்திலிருந்து அழகுசுந்தரத்துக்கு ஓர் உத்தரவு வந்தது. அந்த வீரருடைய வசதிக்காக, படிகளுக்குப் பதிலாக உடனே ஒரு சாய்தளம் அமைக்கவும். மூன்றாம் விசாரணையைச் சாய்தளத் திறப்பு நாளன்று அதன் மேலேயே நடத்தவும்.

அழகுசுந்தரம் உத்தரவை எழுத்து எழுத்தாக நிறைவேற்றுகிறவர். ‘படிகளுக்குப் பதிலாக’ என்று இருந்ததால் அன்று பிற்பகலே பத்துப் படிகளையும் சம்மட்டியால் உடைக்கச் சொன்னார். உள்ளே இருந்த எழுத்தர்கள் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பியபோது, வாசலுக்கு வெளியே காற்று மட்டும்தான் இருந்தது. மூங்கில் ஏணி கொண்டுவந்து ஒவ்வொருவராக இறக்கினார்கள். அடுத்த முப்பது நாளும் அலுவலகம் ஏணியில்தான் நடந்தது. பதிவேடுகளைக் கக்கத்தில் இடுக்கி இறங்கிய இரண்டாம் எழுத்தர் இடுப்பை ஒடித்துக்கொண்டார். நிலம் கேட்டு வந்த பொதுமக்கள் ஏணியை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். மனுக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதால் நிர்வாகம் சீரடைந்திருப்பதாக அழகுசுந்தரம் மேலிடத்துக்கு எழுதினார்.

வேலை வீரையா கொத்தனாருக்குக் கிடைத்தது. அவர் நேமத்தான்பட்டியில் பெரிய வீடுகள் கட்டிய கை. கயிறு பிடித்து அளந்தார். முத்துவீரனைக் கூப்பிட்டு நாற்காலியை உருட்டிப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் வந்தார்.

“ஐயா, ஆறடி உசரம். வண்டி தானா ஏறணும்னா அறுவது, எழுவது அடி நீளம் வேணும். வீட்டுச் செவரை ஒட்டி அங்குட்டு ஒரு மடக்கு, இங்குட்டு ஒரு மடக்கு மடக்கிக் கட்டிப்புடலாம். பத்து நாள் வேலை.”

“பக்கவாட்டு இடம் வாடகைப் பத்திரத்தில் இல்லை. முன்பக்கம் மட்டும்தான்.”

“முன்னாடி ஆறடிதானய்யா இருக்கு. அதுக்கப்புறம் ரோடு.”

“அப்போ ஆறடியில் கட்டு.”

“ஆறடி உசரத்துக்கு ஆறடி நீளம்னா அது செவருய்யா. கொஞ்சம் தூக்கக் கலக்கத்துல இருக்குற செவரு.”

அழகுசுந்தரம் வரைபடத்தை விரித்துக் காட்டினார். “இதில் கோடு சாய்வாக இருக்கா, இல்லையா?”

“இருக்குய்யா.”

“உத்தரவில் சாய்தளம்னு இருக்கு. சாய்வு இருக்கு, தளம் இருக்கு. ஆள் ஏறணும்னு எங்கேயாவது எழுதியிருக்கா?”

வீரையா உத்தரவை இரண்டு தடவை படித்துப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை.

ஆனாலும் அவருக்கு மனசு கேட்கவில்லை. முத்துவீரன் தினமும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சுவர் கட்ட எந்தக் கொத்தனாரால் முடியும்? அழகுசுந்தரம் ஒரு கூட்டத்துக்காக வெளியூர் போயிருந்த மூன்று நாளில், சாலைக்குள் இருபதடி நீட்டி அஸ்திவாரம் போட்டு, இடுப்பளவுக்குச் செங்கல் எழுப்பிவிட்டார்.

நான்காம் நாள் காலை சாலைக் காவல் பிரிவு வந்தது. சாலையில் யார் எதை வைத்தாலும் உடைப்பதற்கென்றே ஏற்பட்ட பிரிவு அது. ஒரு மேற்பார்வையாளரும் பதினைந்து பேரும், ஆளுக்கொரு கடப்பாரையுமாக வந்தார்கள். வீரையாவிடம் சித்தாட்கள் உட்பட ஒன்பது பேர்.

“இது அரசாங்க வேலை” என்றார் வீரையா.

“நாங்க மட்டும் என்ன, களவாணி வேலைக்கா வந்திருக்கோம்?” என்றார் மேற்பார்வையாளர். “உடைங்கடா.”

முதல் செங்கல் சரிந்ததும் வீரையாவின் ஆள் ஒருவன் கரண்டியை வீசினான். அது ஒருத்தன் கன்னத்தைக் கிழித்தது. பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று சொல்ல முடியாது. கடப்பாரை ஒருவன் முழங்காலில் இறங்கியது. சுண்ணாம்புச் சட்டியை ஒருவன் தலையில் கவிழ்த்தார்கள். அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு சாலையில் வட்டம் சுற்றினான். செங்கல்லுக்குச் செங்கல் பறந்தது. ஏணியின் உச்சியில் நின்று, எழுத்தர்கள் தங்கள் பக்கத்து ஆட்களை உற்சாகப்படுத்தினார்கள். முத்துவீரன் நடுவில் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தி, “நிறுத்துங்கப்பா! எனக்குச் சறுக்கே வேணாம்!” என்று கத்தினான். யாரும் கேட்கவில்லை. வீரையா அவனை ஒதுக்கித் தள்ள ஓடி வந்தபோது பின்மண்டையில் கடப்பாரை விழுந்தது. அவர் முத்துவீரன் மடியிலேயே முகம் குப்புறச் சரிந்தார். ரத்தம் இவன் வேட்டியை நனைத்துக்கொண்டு, கால்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் சொட்டியது.

முத்துவீரன் துண்டைக் கிழித்து, பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தபடி மண்டையில் இறுக்கிக் கட்டினான். “கண்ணை மூடாதீக அண்ணே. பேசிக்கிட்டே இருங்க.”

“ஆறடியில கட்டாதீக... ஆளு செத்துப் போயிருவான்” என்றார் வீரையா. அந்த வருஷத்தில் அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசியது அதுதான். பிழைத்துக்கொண்டார், ஆனால் தூக்குக் குண்டைப் பிடித்தால் கை நடுங்கியது.

இரண்டு அலுவலகங்களும் இந்தச் சம்பவத்தைப் பற்றி மேலிடத்துக்கு ஒரே மாதிரியாக எழுதின: ‘துறைகளுக்கிடையே ஒருங்கிணைப்புக் கூட்டம் நடைபெற்று, சாய்தளத்தின் நீளம் ஆறடி என முடிவு செய்யப்பட்டது.’

மிச்ச வேலையை வேறொருவர் முடித்தார். ஆறடி உயரம், ஆறடி நீளம். தேய்த்து மெருகேற்றிய சிமெண்டு. காலை வெயிலில் பார்த்தால் முகம் தெரியும்.

திறப்பதற்கு முன்னால் பளு சோதனை செய்ய வேண்டும் என்று விதி. முத்துவீரனின் நாற்காலியையே வாங்கி, அவனைப்போல இரண்டு பங்கு எடைக்கு மணல் மூட்டை ஏற்றி, மேலிருந்து கயிறு கட்டி இழுத்தார்கள். மேலே போன நாற்காலியைப் பரிசோதனைக்காக விட்டார்கள். அது சாலையைக் குறுக்கே கடந்து சின்னத்தாயி கடைக்குள் போயிற்று. வாசலில் கட்டியிருந்த ஆட்டின் விலா நொறுங்கியது. கொதிக்கிற காப்பித் தண்ணீர் அண்டா சின்னத்தாயியின் காலில் கவிழ்ந்தது. அவள் துடிதுடித்துக்கொண்டு அழுதது சாலை முழுதும் கேட்டது. ஆடு கொஞ்ச நேரம் காலை உதைத்து, பிறகு அடங்கியது.

சோதனை அறிக்கை: ‘பளு முழுவதும், மணல் சிந்தாமல், கீழே வந்து சேர்ந்தது. சாய்தளம் திருப்திகரம்.’

வளைந்த சக்கரத்தைக் கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்திக்கொண்டே முத்துவீரன் அன்னக்கிளியிடம் சொன்னான்: “நிலமும் வேணாம் ஒண்ணும் வேணாம் புள்ள. சண்டையில குண்டு எந்தப் பக்கமிருந்து வரும்னாவது தெரியும்.”

அன்னக்கிளி சக்கரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். மண்டையில் கம்படி பட்ட இடம் குனிந்தால் இன்னும் வலித்தது. “அந்த வயல்ல களை மண்டிக் கிடக்குங்க. பார்க்கச் சகிக்கலை” என்றாள். அவன் விசாரணைக்குப் போவதென்று முடிவாயிற்று.

திறப்பு விழாவுக்கு மாவிலைத் தோரணமும் நாதஸ்வரமும் வந்திருந்தன. சாய்தளத்தின் உச்சியில், ஒரு பலகை நீட்டி, அதில் மேசையும் கோப்பும் வைத்து, அழகுசுந்தரம் மாலையோடு நின்றார். காது பாதியாகிப்போன குழந்தைவேலு அன்னக்கிளியைப் பார்த்ததும் நான்கடி தள்ளி நின்றான். முத்துவீரனை நாற்காலியோடு கயிறு போட்டுக் கட்டினார்கள். கீழிருந்து நான்கு பேர் தள்ள, மேலிருந்து எழுத்தர்கள் மூன்று பேர் வடம் பிடித்து இழுக்க, நாற்காலி அங்குலம் அங்குலமாக ஏறியது. முத்துவீரன் வானத்தைப் பார்த்தபடி மல்லாந்து கிடந்தான். சக்கரங்கள் உச்சியைத் தொடுவதற்கு ஒரு முழம் இருக்கும்போது அழகுசுந்தரம் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். அங்கேதான் அவர் பேச வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

“பொதுமக்களே! இந்தத் திட்டத்துக்கு முன்னால், இந்த அலுவலகத்துக்கு ஏற முடியாமல் இவர் ஒருவர்தான் சிரமப்பட்டார். இன்றைக்கு நாங்கள் எல்லோருமே கயிற்றைப் பிடித்துத்தான் ஏறுகிறோம். இதைவிடச் சமத்துவம் வேறென்ன இருக்கிறது? இந்தச் சாய்தளத்துக்காக ஒருவர் மண்டையைத் தந்திருக்கிறார். ஒருவர் இடுப்பைத் தந்திருக்கிறார். ஒரு பெண்மணி காலைத் தந்திருக்கிறார். நான் என் பங்குக்குக் கையெழுத்தைத் தந்திருக்கிறேன். கால் இல்லாத ஒருவரை முன்னேற்ற இத்தனை பேர் கால் இழக்கத் தயாராக இருப்பதுதான் நம் நிர்வாகத்தின் பெருமை!”

“ஐயா, கை வலிக்குதாம்யா இவகளுக்கு” என்றான் முத்துவீரன்.

அழகுசுந்தரம் புன்னகையோடு குனிந்து மாலையை அவன் கழுத்தில் போட்டார். மாலை விழும்போது ஊழியர்கள் அனைவரும் கைதட்ட வேண்டும் என்று முதல் நாளே சுற்றறிக்கை போயிருந்தது. எழுத்தர்கள் மூன்று பேரும் வடத்தை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

கீழே தள்ளிக்கொண்டிருந்த நால்வரும் ஆளுக்கொரு பக்கம் தெறித்தார்கள். ஒருவன் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. முத்துவீரன் கையில் அகப்பட்டதைப் பிடித்தான். அகப்பட்டது அழகுசுந்தரத்தின் இடுப்பு வார். நாற்காலியும் அவனும் அவன் மேல் குப்புற விழுந்த அதிகாரியும் ஒன்றாகக் கண்ணாடிபோன்ற சிமெண்டில் இறங்கி, சாலையில் புரண்டு, எதிர்ப்பக்கத்து மைல்கல்லில் மோதி நின்றார்கள். எலும்பு முறிகிற சத்தம் நாதஸ்வரக்காரருக்குக் கேட்டது. அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

நாற்காலி இரண்டாகப் பிளந்திருந்தது. முத்துவீரனின் நெற்றி கிழிந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. இடது கைச் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கியிருந்தது. அழகுசுந்தரத்தின் இரண்டு கால்களும் அவர் பார்த்த திசைக்கு எதிர்த் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. வலது முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஓலமிட்டார்.

மேலே இருந்தவர்கள் கீழே வர வழியில்லை. சாய்தளம் வந்ததும் ஏணியை எடுத்துவிட்டிருந்தார்கள்; கயிறு நாற்காலியோடு போய்விட்டிருந்தது. கீழே இருந்தவர்களுக்குப் பயம். அன்னக்கிளி மட்டும் ஓடிவந்தாள். வருகிற வழியில், வேலைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன கடப்பாரை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“கொல்லப் போறா! கொல்லப் போறா!” என்று குழந்தைவேலு மேலிருந்து கத்தினான்.

“அதைக் கீழ போடு புள்ள” என்றான் முத்துவீரன். தன்னைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, முழங்கைகளை ஊன்றி அதிகாரியின் பக்கம் நகர்ந்தான். நாற்காலியின் இரண்டு கட்டைகளைப் பிடுங்கிக் காலுக்கு இருபுறமும் வைத்தான். “ஐயா, அசையாதீக. இதை இப்பவே நேராக்கிக் கட்டலைன்னா முழங்காலோட எடுத்துருவாங்க. நான் பார்த்திருக்கேன்.”

“டாக்டர்... டாக்டரைக் கூப்பிடு...”

“காரைக்குடியிலேருந்து வர ஒரு மணி நேரமாகும்யா. காலை இழுத்து நேராக்கணும். உசிர் போறாப்புல வலிக்கும்.” முத்துவீரன் சுற்றிப் பார்த்தான். மேசையிலிருந்து பறந்த கோப்பு நான்கடி தள்ளி மண்ணில் கிடந்தது. “அன்னக்கிளி, அந்தக் காகிதத்தை எடு. ஐயா சட்டைப் பையில பேனா இருக்கும். ஐயா, கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருங்க. மனசு அங்குட்டுப் போயிட்டா வலி அவ்வளவா தெரியாது.”

அழகுசுந்தரம் பல்லைக் கடித்துக்கொண்டு, “அலுவலகத்துக்கு... வெளியே... விதி இல்லை” என்றார்.

முத்துவீரன் காலை லேசாகத் தொட்டான். வேண்டுமென்று தொடவில்லை என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னான்.

“எங்கே போடணும்?” என்றார் அழகுசுந்தரம்.

“மூணு இடத்துல போடணும்யா. நிதானமாப் போடுங்க” என்று சொல்லி, முத்துவீரன் இழுத்தான். முதல் கையெழுத்து கோணலாக விழுந்தது. இரண்டாவது காகிதத்தைக் கிழித்தது. மூன்றாவது நன்றாகவே இருந்தது. அப்போது கால் நேராகியிருந்தது. முத்திரை வேண்டும் என்று எழுத்தர் ஒருவர் மேலிருந்து நினைவூட்ட, அன்னக்கிளி கடப்பாரையை மறுபடி எடுத்து அவரை அண்ணாந்து பார்த்தாள். முத்திரை உடனே கீழே வந்து விழுந்தது.

அழகுசுந்தரத்தின் இரண்டு கால்களையும் காரைக்குடி டாக்டர் காப்பாற்றிவிட்டார். கட்டுப் போட்டவனுக்குக் கை தெரிந்திருக்கிறது என்று அவர் பாராட்டினாராம். வருஷ முடிவில் அலுவலகத்திலிருந்து மேலிடத்துக்குப் போன அறிக்கையில் சாய்தளத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது: ‘பயன்பாட்டில் உள்ளது. இதுவரை பயனடைந்தோர்: இருவர்.’

அந்த ஐப்பசியில் கண்மாய் நிறைந்தது. வயலில் தண்ணீர் கட்டி உழுது முடித்த பிறகு, சேற்றைச் சமப்படுத்தப் பரம்பு அடிக்க வேண்டியிருந்தது. மாடு இழுக்கிற நீளப் பலகையின் மேல் கனத்துக்கு ஓர் ஆள் உட்கார வேண்டும். அன்னக்கிளி ஆளுக்குப் பதிலாக வைக்கக் கல்லைத் தேடிக்கொண்டு வரப்புக்குப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், முத்துவீரன் சேற்றில் கையூன்றித் தவழ்ந்துபோய்ப் பலகையின் நடுவில் ஏறி உட்கார்ந்திருந்தான். இரண்டு கைகளிலும் மாட்டு வால். மார்புவரை சேறு.

“விழுந்திருவீக! இறங்குங்க!” என்று அவள் கத்தினாள்.

“எங்கிட்டு விழுகப் போறேன்? நம்ம மண்ணுலதான!” என்று அவன் வாலை முறுக்கினான். மாடுகள் பாய்ந்தன. பலகை சேற்றைப் பீய்ச்சிக்கொண்டு, வயலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் பறந்தது.